பூசணிச் சூப்பும் பூட்டிய குறிப்பேடும்

முன்வரிசையில் புருவம் உயர்த்தி, "இவன் எப்போது முடிப்பான்?" என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் தலைவர் அவர்களே! இந்தக் கோதுமைச் சீமையின் கோணல்மாணலையெல்லாம் கண்டு நிமிர்ந்து நிற்கும் பெரியோர்களே! தேநீர்க் கொப்பரையையும் தேங்காய்த்தூள் கேக்கையும் என் பேச்சு முடியும்வரை என் கண்ணில் காட்டாமல் காத்து நிற்கும் தாய்மார்களே! விருந்துக்கு வந்த இடத்திலும் பேனாவை வெளியே எடுத்திருக்கும் உளவியலாளர்களே! பேனாவை உள்ளே வையுங்கள். நான் நோயாளி அல்ல. உங்களில் ஒருவரான ஃபிலிப்பா டெனஹியின் மனநல நிலையத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் புல் வெட்டியவன், வெந்நீர் வைத்தவன், காத்திருப்பு அறையைக் காத்தவன்.

சட்டப் புத்தகத்தை நான் படித்ததில்லை, படிக்கவும் தெரியாது. ஆனால் பிரிந்த குடும்பங்கள் வந்து உட்காரும் அறையில் இருந்தால் சட்டம் தானாகக் காதில் விழும். ஒரு சட்டம் மாறினால் ஊருக்கு ஒரு வரிச் செய்தி. உங்களுக்கோ ஒன்பது பயிற்சி வகுப்பு. உண்டா இல்லையா? கைதட்டாதீர்கள், தலைவர் முறைக்கிறார்.

கதைக்கு வருகிறேன். பிரையனி என்று எட்டு வயதுச் சிறுமி. தாய் ஒரு வீடு, தந்தை டாரில் ஒரு வீடு. வியாழன்தோறும் ஃபிலிப்பாவிடம் வருவாள், மனதிலிருப்பதைக் கொட்டுவாள். ஒருநாள் சொன்னாள்: "அப்பா வைக்கிற பூசணிச் சூப் சேறு மாதிரி இருக்கு." ஃபிலிப்பா அதை எழுதிக்கொண்டார். எழுதுவது உங்கள் தொழில் தர்மம் அல்லவா!

பிள்ளை யாரிடம் இருப்பது என்று வந்தது வழக்கு. வந்தது வக்கீல் கடிதம். போனது குறிப்பேடு. அன்றைய சட்டத்தில் அதைத் தடுப்பது எளிதல்ல. நிறைந்த நீதிமன்றத்தில் சூப் வாசிக்கப்பட்டது! டாரிலுக்கு முகம் சிவந்தது. வெளியே வந்து மகளிடம், "சேறாடீ? இனிமே உனக்குச் சூப்பே கிடையாது, போ!" என்றார். மறு வியாழன் பிரையனி வந்தாள், உட்கார்ந்தாள், வாயை மூடினாள். ஒரு வாரமா? இரண்டு வாரமா? மூன்று மாதம்! கூடவே வரும் கிரேவி என்ற தன் நாயின் காதில் மட்டும் ஏதோ முணுமுணுப்பாள்.

ஜூனில் புதுச் சட்டம் வந்தது. சிகிச்சை அறையில் சொன்னதை வெளியே விடுவது தீங்கு என்று கண்டால், நீதிமன்றம் அந்தக் குறிப்பைத் தொடாமல் விடலாம். நாய் யாரிடம் போகவேண்டும் என்று முடிவு செய்யும்போதுகூட, யாருக்கு அதன்மேல் பாசம் என்று பார்க்கச் சொல்கிறது அந்தச் சட்டம். என்ன ஐயா பின்வரிசையில்? இல்லை, நாயிடம் உளவியலாளரை அனுப்பச் சொல்லவில்லை. அதற்கும் ஒரு பயிற்சி வகுப்பு வராமல் இருக்க வேண்டிக்கொள்ளுங்கள்!

ஃபிலிப்பாவுக்கு உற்சாகம். பயிற்சி வகுப்பில் கொடுத்த தாளை எடுத்து, காத்திருப்பு அறையிலேயே என் முன்னால் சிறுமிக்கு வாசித்தார். "நீ சொல்றது ரகசியம்மா. ஆனா உனக்கு ஆபத்துன்னா சொல்லணும். ஆனா நீதிபதி கேட்டா... ஆனா அப்பவும்..."

பல நாள் கழித்து பிரையனி வாய் திறந்தாள். "பதினோரு ஆனா சொல்லிட்டீங்க. நான் எண்ணுனேன். கிரேவி ஒரு ஆனாகூடச் சொல்லாது."

சிரிக்கிறீர்கள். உங்களில் எத்தனை பேர் அதே தாளை வாசித்தீர்கள்? கை தூக்க வேண்டாம்!

ஃபிலிப்பா தாளைக் கீழே வைத்தார். "சரி கண்ணு. உனக்கு அடி, ஆபத்துன்னா நான் சும்மா இருக்கமாட்டேன். மத்தது எதுவும் வெளிய போகக்கூடாதுன்னு கோர்ட்ல எழுந்து நின்னு சண்டை போடுவேன். ஜெயிப்பேன்னு சத்தியம் பண்ணமாட்டேன். சண்டை போடுவேன்."

சிறுமி யோசித்தாள். எழுந்து போய் ஃபிலிப்பாவின் காதில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்; அது எனக்குக் கேட்கவில்லை. பிறகு கதவைத் திறந்து வெளியே போகும்போது சொன்னாள்: "இது அங்க போச்சுன்னா, நான் இனிமே யார்கிட்டயும் பேசமாட்டேன்." இந்த எச்சரிக்கை மட்டும் என் காதில் நன்றாக விழுந்தது.

செப்டம்பரில் டாரிலின் வக்கீல் மறுபடியும் குறிப்பேட்டைக் கேட்டார். ஃபிலிப்பாவை நீதிமன்றத்துக்குக் காரில் அழைத்துப் போனவன் நான். வழியெல்லாம் அவர் கை நடுங்கியது. உள்ளே எழுந்து நின்றபோது நடுங்கவில்லை.

"இதைத் திறந்தால் இந்தக் குழந்தையின் வாய் மூடிவிடும்," என்றார்.

"மகளின் மனம் தகப்பனுக்குத் தெரிய வேண்டாமா?" என்றார் வக்கீல்.

நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அதற்குத்தான் தனியாக ஓர் அறிக்கை எழுத ஆள் வைத்திருக்கிறோமே. அதைப் படியுங்கள். இது மனதுக்கு மருந்து கொடுத்த அறையின் குறிப்பேடு. மூடியே இருக்கட்டும்."

வாசலில் டாரில் வழிமறித்தார். "என் புள்ள என்னைப் பத்தி என்ன சொன்னாள்னு எனக்குத் தெரியக்கூடாதா? நீ என்ன பெரிய இவளா?"

"தெரியணும் டாரில். அவளே வந்து உங்ககிட்ட சொல்லணும். சொன்னா சூப்பை நிறுத்துற ஆள்கிட்ட எவ சொல்லுவா?"

டாரில் தொப்பியைக் கையில் எடுத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "அது அவ்வளவு மோசமாவா இருந்துச்சு, பெருசு?" என்றார். "நான் குடிச்சதில்லப்பா," என்றேன்.

வியாழன் வந்தது. பிரையனி வாசலிலேயே நின்றாள்.

"படிச்சாங்களா?"

"இல்ல," என்றார் ஃபிலிப்பா.

"அப்பாகூடப் படிக்கலையா?"

"அப்பாகூடப் படிக்கல."

சிறுமி உள்ளே போனாள். கிரேவியும் பின்னாலேயே போனது. "நீ வெளிய இரு," என்று அதைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினாள்!

அன்பர்களே! பிரிந்த இருவரைப் பிணைப்பதல்ல உங்கள் பணி. அந்தப் பிரிவில் பிள்ளை பிளந்துபோகாமல் பிடித்துக்கொள்வதே உங்கள் பணி. சட்டம் கதவைச் செய்து கொடுக்கும். அதன்முன் நிற்க ஒரு மனிதர் வேண்டும். நிற்பீர்களா? நடுங்கினாலும் நிற்பீர்களா?

அன்று நானும் நாயும் ஐம்பது நிமிடம் வெளியே உட்கார்ந்திருந்தோம். உள்ளே பேச்சுச் சத்தம் நிற்கவே இல்லை. அவள் என்ன பேசினாள்? முதலில் காதில் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் என்ன? ஃபிலிப்பாவிடம் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். "மெர்வ், போய்ப் புல்லை வெட்டுங்க," என்கிறார். இந்த மண்டபத்தில் அது தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதோ, மூன்றாம் வரிசையில், ஒன்றும் தெரியாதவர்போல உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்கு என் முதல் வணக்கம். பொறுத்துக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. தாய்மார்களே, கேக்கை எடுத்து வாருங்கள்!