பொடி எழுத்தில் இருந்த உப்பு

மருந்தாளுநர் தோழர்களே, கொஞ்சம் நிமிர்ந்து உக்காருங்க... உங்களுக்கு ஒரு சின்னக் கதை சொல்லப்போறேன்.

கடலோரத்துல ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். அங்க மருந்து குடுக்கிறவ மரகதவல்லி. ஒருநாள் காலையில ரொசாரின்னு ஒரு மீனவப் பொண்ணு, நாலு வயசு மகளைத் தோள்ல போட்டுட்டு ஓடி வர்றா. மலேரியா! டாக்டர் சீட்டுல "150 மில்லிகிராம், பேஸ்"னு எழுதுறார். ஒரே கூட்டம்... மரகதவல்லி கண்ணுல பட்டது 150 மட்டும். மாத்திரை அட்டையில 250ன்னு இருக்கு. பாதிக்குக் கொஞ்சம் மேல வெட்டி, பொடிச்சுக் குடுத்துட்டா. ரொசாரியும் அங்கேயே புகட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டா.

மத்தியானம் கூட்டம் குறைஞ்சதும் அட்டையைத் திருப்பிப் பாக்கிறா... பொடி எழுத்து. "பாஸ்பேட் உப்பு 250. அதுல பேஸ் 150."

என்ன அர்த்தம்? மருந்து தண்ணியில நல்லாக் கரையணும்னு அதை அமிலத்தோட சேத்து உப்பா ஆக்குறாங்க. 250ங்கிறது அந்த உப்போட எடை. உள்ள இருக்கிற மருந்து, அதான் பேஸ், 150. அப்போ முழு மாத்திரையும் குடுத்திருக்கணும்!

யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது. வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்... இருந்தாளா?

நேரா டாக்டர்கிட்ட போனா. "சார், நான் தப்புப் பண்ணிட்டேன். உப்புக் கணக்கைப் பேஸ் கணக்குன்னு நெனச்சுட்டேன்."

டாக்டர் முகம் சிவந்துபோச்சு. அப்புறம் சொன்னார், "திட்டுறதுக்கு இப்ப நேரமில்லம்மா. கொறஞ்சதை உடனே குடுக்கணும். கிளம்புங்க!"

ஸ்கூட்டரை எடுத்துட்டு மீனவர் குப்பத்துக்குப் போனா. புள்ளைக்கு ஒடம்பு அனலாக் கொதிக்குது. நடந்ததைச் சொன்னதும் ரொசாரி வெடிச்சா: "எம்புள்ளைக்கு ஏதாவது ஆயிருந்தா?"

"கேளும்மா... கேக்க வேண்டியதுதான். முதல்ல இதைக் குடுத்துடுவோம்."

மருந்தைக் குடுத்துட்டு, பக்கத்துலயே உக்காந்து நெத்தியில ஈரத்துணி போட்டா. அடுத்த ரெண்டு நாளும் அவளே போய், அளவு பாத்துக் குடுத்தா. மூணாவது நாள் புள்ள எந்திரிச்சு, "அம்மா, பசிக்குது!"ன்னுச்சு.

ரொசாரி மரகதவல்லி கையைப் பிடிச்சுக்கிட்டா. "நீங்க வந்து சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதுக்கா. இனிமே உங்க கையாலதான் மருந்து வாங்குவேன்."

தோழர்களே! தப்பே பண்ணாத மனுஷன் இந்தக் கூடத்துல இருக்கானா? நான் இல்லை... நீங்களும் இல்லை. ஆனா தப்புன்னு தெரிஞ்ச அந்த நிமிஷம் இருக்கே, அது இன்னும் நம்ம கையிலதான் இருக்கு. பயந்து உக்காந்தா ஒரு உசிரு போகும். எந்திரிச்சு நடந்தா ஒரு புள்ள பசிக்குதுன்னு கேக்கும். எந்திரிங்க... நடங்க!