நெட் இல்லாத மத்தியானம்

மைக் செட்டுக்காரர்: முடியாதும்மா. ஆம்ப்ளிஃபயரை போலீஸ் தூக்கிட்டுப் போச்சுன்னா நான் எதை வச்சுப் பொழைக்கிறது?

நர்ஸ்: ரெண்டே மணி நேரம்ண்ணே. உங்க வேன்ல பத்து தெரு சுத்தி வந்தா போதும்.

மைக் செட்டுக்காரர்: உன் ஃபேஸ்புக் பக்கத்துலதான் நாப்பதாயிரம் பேர் இருக்காங்களே. அதுல போட்டுவிடேன்.

நர்ஸ்: எதுல போடறது? காலையில இருந்து ஊர் முழுக்க நெட்டை நிறுத்திட்டாங்க.

மைக் செட்டுக்காரர்: அட! அதான் என் வீட்டுக்காரி காலையில இருந்து என்கிட்ட பேசிட்டிருக்காளா...

அண்ணி: சிரிக்காதீங்கண்ணே. பிரசவ வார்டைத் திறக்கச் சொல்லி நாலு மணிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல கூடணும்னு நேத்தே போட்டாச்சு. இப்ப அங்க தடுப்பு வச்சு மறிச்சிருக்காங்க. இடத்தை பஸ் ஸ்டாண்டுக்கு மாத்திட்டோம். அதை யாருக்குமே சொல்ல முடியல.

நர்ஸ்: தெரியாம வர்றவங்க நேரா போலீஸ் வேன்லதான் ஏறணும்.

மைக் செட்டுக்காரர்: நர்ஸம்மாவைத் தெரியும். நீங்க...?

நர்ஸ்: எங்க அண்ணி.

மைக் செட்டுக்காரர்: நாத்தனாரும் அண்ணியும் ஒரே கட்சியா! இதுக்கே கூட்டம் கூடுமே.

அண்ணி: கூடட்டும். வேனை எடுங்க.

மைக் செட்டுக்காரர்: இரும்மா... போன வாரம் எத்தனை பேர் வந்தாங்க?

நர்ஸ்: அன்னிக்கு மழை...

மைக் செட்டுக்காரர்: எத்தனை பேரு?

நர்ஸ்: ...முப்பத்தெட்டு.

மைக் செட்டுக்காரர்: பாத்தியா? கட்டைவிரலைத் தூக்கினவன் எவனும் காலைத் தூக்கல.

நர்ஸ்: சரிண்ணே, தூக்கல. அதுக்காக? அந்த வீடியோவைப் போடலைன்னா பிரசவ வார்டைப் பூட்டினதே பக்கத்துத் தெருவுக்குக்கூடத் தெரிஞ்சிருக்காது. இனிமே வீடு வீடாப் போறோம். காலையிலேயே அறுபது கதவு தட்டியாச்சு.

அண்ணி: அறுபத்தி ரெண்டு. ரெண்டு வீட்டுல மூஞ்சியிலேயே சாத்தினாங்க.

மைக் செட்டுக்காரர்: அதான் சொல்றேன். என் மச்சான்கூட சொன்னான், அந்த வீடியோ இந்த ஊரே இல்லையாம், எங்கேயோ எடுத்ததாம்...

நர்ஸ்: எடுத்தது நான்!

மைக் செட்டுக்காரர்: நீயா? அப்போ... அந்தப் பொண்ணு கார் சீட்டுல துடிச்சிட்டிருக்கும்போது, கையில போனைப் பிடிக்க உனக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?

நர்ஸ்: ஒரு கையால கேட்டைத் தட்டினேண்ணே. இன்னொரு கையில போன். பெரிய டாக்டருக்கு அனுப்பினா, பாத்துட்டாவது திறக்கச் சொல்வாருன்னு... முப்பது மைல் தள்ளிப் போகச் சொல்லிட்டாங்க. அவ்வளவு தூரம் அந்தக் குழந்தை...

அண்ணி: அவளை எதுவும் சொல்லாதீங்க. எடுக்கச் சொன்னதே அந்தப் பொண்ணுதான்.

மைக் செட்டுக்காரர்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

அண்ணி: ...இவ சொன்னா.

நர்ஸ்: அண்ணி, போதும். வாங்க, வேற எங்கயாவது கேப்போம்.

அண்ணி: எங்கயும் வர மாட்டேன். ஊர்ல மைக் செட் வச்சிருக்கறதே இவர் ஒருத்தர்தான்.

மைக் செட்டுக்காரர்: குழந்தை... போயிடுச்சா?

நர்ஸ்: ம்.

மைக் செட்டுக்காரர்: ...என் ரெண்டு பொண்ணுங்களும் அந்த வார்டுலதான் பொறந்தாங்க.

அண்ணி: அப்புறம் என்னண்ணே யோசனை?

மைக் செட்டுக்காரர்: சரி, ஏறுங்க. ஆம்ப்ளிஃபயர் போனா போகட்டும். ஆனா யார் பேசப்போறது? நர்ஸம்மா பேசினா வேலை போயிடும்.

நர்ஸ்: போகட்டும்.

அண்ணி: நீ பேச வேண்டாம். நான் பேசறேன்.

மைக் செட்டுக்காரர்: கோவிச்சுக்காதீங்கம்மா... பொய் வீடியோன்னு ஊரே பேசுது. மூஞ்சியை வேற மறைச்சுட்டீங்க. நீங்க சொல்லி யார் நம்புவாங்க? அந்தப் பொண்ணே வந்து சொன்னாலாவது...

நர்ஸ்: அவங்க வர மாட்டாங்கண்ணே. மூஞ்சி தெரியக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க. யாரும் பாவம்னு பாக்கறது அவங்களுக்குப் பிடிக்காது...

அண்ணி: அந்த சத்தியத்தை விட்டுடு.

நர்ஸ்: அண்ணி, வேண்டாம்... வீட்டுல அண்ணன்...

அண்ணி: உங்க அண்ணன்கிட்ட காலையிலேயே சொல்லிட்டுத்தான் கிளம்பினேன். மைக்கைக் குடுங்கண்ணே. ஹலோ... ஹலோ... எல்லாரும் வெளிய வந்து என் மூஞ்சியை நல்லாப் பாருங்க. அந்த வீடியோல, காருக்குள்ள கிடந்தது நான்தான். எனக்குப் பூட்டின கதவை இன்னொருத்திக்குப் பூட்டக் கூடாது. நாலு மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடுங்க!