பூட்டுக்குத் தனிப் பெட்டி

கேமரா வாங்க வருகிறவர்கள் படம் தெளிவாகத் தெரியுமா என்று மட்டும்தான் கேட்பார்கள். அதற்கெல்லாம் மின்சாரம் கொடுக்கிற பவர் சப்ளை பெட்டியைப் பற்றி இத்தனை வருடத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. மாடிப்படி அடியில், துடைப்பத்துக்கும் பழைய செருப்புக்கும் நடுவில் அதை மாட்டிவிட்டு வருவேன். அத்தோடு மறந்துவிடுவார்கள். நீங்கள்தான் முதல் ஆள் மேடம். வந்து உட்கார்ந்ததும், "ஒரு வீட்டுக்கு எதுக்கு ரெண்டு பெட்டி?" என்று கேட்டீர்கள். சரியான இடத்தில் கை வைத்தீர்கள். சொல்கிறேன். எழுதுகிற ஏட்டய்யாவை நிதானமாக எழுதச் சொல்லுங்கள், எனக்குப் போக வேண்டிய இடம் எதுவும் இல்லை.

பெட்டி தேர்ந்தெடுப்பது பெரிய வித்தை இல்லை. எத்தனை பேர் சாப்பிடப் போகிறார்கள் என்று பார்த்து அரிசி போடுவது மாதிரிதான். பூட்டுக்கு எவ்வளவு, கேமராவுக்கு எவ்வளவு, இண்டர்காமுக்கு எவ்வளவு என்று கூட்டி, அதற்கு மேல் கொஞ்சம் தாராளமாக வாங்க வேண்டும். கறாராக வாங்கினால் வெயில் காலத்தில் சூடேறிப் படுத்துவிடும். மட்டமாக வாங்கினால் இண்டர்காமில் எப்போதும் ஒரு இரைச்சல் இருக்கும், பெற்ற பிள்ளையின் குரல்கூட அடையாளம் தெரியாது. நான் மட்டமானதைத் தொடுவதில்லை. எதையும் இரண்டு தடவை சோதித்துவிட்டுத்தான் ஏணியை மடக்குவேன். கடைத்தெருவில் எனக்கு 'டபுள் செக்' என்றே பெயர்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இப்போதெல்லாம் கதவுக்குக் காந்தப் பூட்டு போடுகிறோம். மின்சாரம் ஓடும்வரை அது கதவைப் பிடித்துக்கொண்டிருக்கும், நின்றால் விட்டுவிடும். பெட்டிக்குள் பேட்டரி வைத்தால் கரண்ட் போனாலும் பிடி விடாது. அதனால் உள்பக்கம் ஒரு பச்சைப் பொத்தான் வைப்போம். அதை அழுத்தினால் பூட்டுக்குப் போகிற மின்சாரம் நேராக அறுந்து கதவு திறக்க வேண்டும். நடுவில் வேறு எந்தக் கருவியும் வரக் கூடாது. உள்ளே இருக்கிறவர் வெளியே போவது எதை நம்பியும் இருக்கக் கூடாது என்பதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம். ஊரெல்லாம் அப்படித்தான் போட்டிருக்கிறேன். என் வீட்டில் மட்டும் அப்படி இல்லை.

என் மகன் ஒரு சாயங்காலம் குழந்தைக்குக் கலர் பென்சில் வாங்கி வருகிறேன் என்று கதவைத் திறந்துகொண்டு போனான். தெருமுனையில் லாரி. பென்சில் பெட்டி நசுங்காமல் வந்து சேர்ந்தது, அவன் வரவில்லை. மனைவி அதற்கு முன்பே தவறிவிட்டாள். அதற்குப் பிறகு எனக்கென்று மிஞ்சியது மாடியில் இருந்த மருமகளும் பேத்தியும்தான். பேத்தியைச் சுண்டு என்று கூப்பிடுவோம், சுண்டுவிரல் அளவுக்குப் பிறந்தவள். கீழே என் கடை, கடைக்குப் பின்னால் என் அறை. மாடிக்குத் தனிப் படிக்கட்டு, படிக்கட்டின் அடியில் தெருவைப் பார்த்த இரும்புக் கதவு. அந்தக் கதவுக்குத்தான் பூட்டு போட்டேன். ஜன்னலுக்கும் பால்கனிக்கும் கம்பி அடித்தேன். தனியாக ஒரு பெண், சின்னக் குழந்தை, காலம் கெட்டுக் கிடக்கிறது. யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். மருமகளே, "மாமா இருக்கறதால எனக்குப் பயமே இல்ல" என்று அக்கம்பக்கத்தில் சொல்வாள். அப்போது ஒரே பெட்டிதான் இருந்தது. பொத்தானும் ஒழுங்காகத்தான் இருந்தது.

அவள் நல்ல பெண் மேடம். இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். காலையில் எனக்கு மாத்திரையை எடுத்து வைத்துவிட்டுத்தான் தன் காபியைக் குடிப்பாள். என் மகனிடம் காட்டிய பொறுமையை என்னிடமும் காட்டினாள், அவனும் என்னை மாதிரி முன்கோபக்காரன். ஒரு நாள் கடைக்கு வந்து கல்லாப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்கம்மா ஊர்ல ஒரு லேப்ல ஆள் எடுக்கறாங்க. நான் படிச்ச படிப்புக்கு ஏத்த வேலை."

"இங்க என்ன குறை கண்ணு?"

"குறைன்னு இல்ல மாமா. அந்த மாடியில எங்க திரும்பினாலும் அவர் இருக்கார். மூச்சு முட்டுது."

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. மறுநாளே போய் மூச்சுக்கு மருந்துப் புகை விடுகிற நல்ல மெஷினாக வாங்கி வந்து கொடுத்தேன். அவள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "தேங்க்ஸ் மாமா" என்றாள்.

அந்த வாரம்தான் இரண்டாவது பெட்டி வந்தது. இண்டர்காமில் இரைச்சல் வருகிறது, பூட்டுக்குத் தனிப் பெட்டி போட்டால் சரியாகிவிடும் என்று அவளிடம் சொன்னேன். தொழில் தெரிந்தவனைக் கேட்டாலும் அது நியாயமான பேச்சுதான். பூட்டுக்கும் படிக்கட்டுக் கேமராவுக்கும் என்னிடம் இருந்ததிலேயே உசத்தியான பெட்டியைக் கொடுத்தேன். லாரிக்கு வைக்கிற மாதிரி பெரிய பேட்டரி வைத்தேன். இண்டர்காமுக்குச் சின்னப் பெட்டி, பேட்டரி கிடையாது. பச்சைப் பொத்தானின் வயரை மட்டும் பழைய இடத்திலிருந்து கழற்றி இண்டர்காம் வழியாகக் கொடுத்தேன். அதாவது, சின்னப் பெட்டி உயிரோடு இருந்தால்தான் பொத்தான் வேலை செய்யும். அது படுத்தால் வாசல் மணி அடிக்காது, பொத்தான் செத்துவிடும், பூட்டு மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். அதைத் திறக்கிற சாவி ஒன்றே ஒன்று, என் சட்டைப்பையில்.

மாடிப்படி அடியில் வெளிச்சம் பத்தவில்லை. மருமகள்தான் டார்ச் பிடித்தாள். நான் அந்த வயரை மாற்றி முடிக்கும்வரை அசையாமல் பிடித்திருந்தாள்.

"கை வலிக்குதா கண்ணு?"

"இல்ல மாமா. நீங்க நிதானமா பாருங்க."

மேடம், கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

நேர்முகத் தேர்வுக்கு அவள் பஸ் பிடிக்க வேண்டிய காலையில் கதவு திறக்கவில்லை. எனக்குப் போன் செய்தாள். நான் ஊரின் அந்தக் கோடியில் ஒரு வேலையில் இருந்தேன். அரக்கப்பரக்க வந்து சாவியால் திறந்துவிட்டேன், ஆனால் பஸ் போய்விட்டது. "சின்னப் பெட்டிக்கு வர்ற லைன்ல கோளாறு, சனியன்" என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவள்தான் என்னைச் சமாதானப்படுத்தினாள். "விடுங்க மாமா, இன்னொரு தடவை கூப்பிடுவாங்க" என்று காபி போட்டுக் கொடுத்தாள். அவள் அம்மா வந்து அழைத்துப் போவதாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அதே கோளாறு, நான் சாவியோடு வெளியே போயிருந்தேன். சம்பந்தியம்மா வெயிலில் நின்று மணியை அமுக்கிவிட்டு, போனில் மகளோடு சண்டை போட்டுவிட்டுத் திரும்பிப் போனார். நான் கெடுதலாக எதையும் நினைக்கவில்லை மேடம். நாள் தள்ளிப்போனால் மனசு மாறும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

மனசு மாறவில்லை. அந்த லேபில் மறுபடி கூப்பிட்டார்கள், இந்த முறை போனிலேயே பேசி வேலையும் கொடுத்துவிட்டார்கள். சாப்பாடு எடுத்து வந்தவள் தட்டை வைத்துவிட்டு நின்றாள்.

"நாளைக்குக் காலையில கிளம்பறோம் மாமா. லீவு விட்டதும் சுண்டுவைக் கூட்டிட்டு வந்து உங்ககிட்ட விட்டுடறேன். நீங்களும் வந்து எங்களோட இருங்க. அம்மாவும் அதான் சொல்றாங்க."

"சரி கண்ணு" என்றேன். அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவள் சொன்ன சொல் தவறுகிறவள் இல்லை, கண்டிப்பாக வந்திருப்பாள். அது எனக்கு அப்போதே தெரியும்.

மறுநாள் காலையில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. புதுக் கட்டடம், உள்ளறைக் கதவுக்கெல்லாம் பூட்டு. ஏணி மேல் நின்று டாக்டருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். "அவசரம்னா கதவு திறக்கணும் டாக்டர். மனுஷன் உள்ள மாட்டிக்கக் கூடாது. பொத்தான் வயரு நேரா பூட்டுக்குத்தான் போகணும், இதுல மட்டும் சிக்கனம் பாக்காதீங்க." அவர் தலையாட்டினார். அப்போது போன் அடித்தது. மருமகள்.

நான் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. வரவேற்பில் இருந்த பெண், "சார், உங்க போன் அடிச்சிட்டே இருக்கு" என்றாள்.

"வீட்டுலேர்ந்துதான். ஒண்ணுமில்ல, அப்புறம் பேசிக்கலாம்."

பிறகு தெரியாத நம்பர் ஒன்று வந்தது. சாமான் ஏற்ற வந்த வண்டிக்காரனாக இருக்கும் என்று துண்டித்தேன். அது ஆம்புலன்ஸ் டிரைவர் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். ஆனால் போனைப் பைக்குள் போடும் முன் படிக்கட்டுக் கேமராவைத் திறந்து பார்த்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. சுண்டு ஷூ போட்டுக்கொண்டு கதவடியில் நின்றாள். பச்சைப் பொத்தானை அழுத்தினாள். எட்டாத உயரம், எம்பி எம்பி அழுத்தினாள். இரண்டு கையாலும் அழுத்தினாள். படியேறி ஓடினாள், மறுபடி இறங்கி வந்து அழுத்தினாள். கேமராவைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடினாள். அந்தக் கேமராவில் சத்தம் வராது. பாட்டி ஊருக்குப் போக முடியாமல் அடம் பிடிக்கிறாள், அழுது ஓய்ந்து தூங்கிவிடுவாள் என்று நினைத்தேன். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு மிச்ச வயரை முடுக்கினேன்.

மருமகள் அலமாரி உச்சியிலிருந்து என் மகனின் சட்டைகளை இறக்கியிருக்கிறாள். எனக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று தூசி தட்டி மடித்து வைத்திருக்கிறாள். அந்தத் தூசியில்தான் இழுப்பு வந்திருக்கிறது. மெஷினுக்கு அடங்கவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, கதவைத் திறக்கக் குழந்தையைக் கீழே அனுப்பியிருக்கிறாள். அவர்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள், வெளியேதான் நின்றார்கள்.

நான் மதியம் சாப்பாட்டுக்கு வந்தபோது கதவு நிலையோடு பெயர்ந்து தெருவில் கிடந்தது. வயர் அறாமல் இருந்ததால், பூட்டு மட்டும் அப்போதும் கதவை நிலையிலிருந்து விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நல்ல சரக்கு என்று ஒரு நொடி மனசுக்குள் ஓடியது. அதற்காக என்னை நீங்கள் எப்படி நினைத்தாலும் சரி. அடுத்த நொடி படியில் அவளுடைய ஒற்றைச் செருப்பைப் பார்த்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மகன் போனபோது அழாத அழுகையெல்லாம் அன்றைக்கு அழுதேன்.

கோளாறு என்று ஊரெல்லாம் சொன்னேன், உங்களிடமும் முதலில் அதைத்தான் சொன்னேன். கோளாறு என்று ஒன்று ஒரு நாளும் இருந்ததில்லை. சின்னப் பெட்டிக்கு ஒரு சுவிட்ச் உண்டு, என் கட்டில் தலைமாட்டில், காலண்டருக்குப் பின்னால். பஸ் போன அன்றைக்கும் அதை அணைத்தது நான்தான், ஞாயிற்றுக்கிழமையும் நான்தான். அன்று காலையிலும் அணைத்தேன். கடையைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து, அணைந்திருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் போனேன். நேரத்துக்குக் கதவு திறந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டர் எழுதியிருக்கிறாராம். அவர் படித்தவர், நான் அதை மறுக்கப் போவதில்லை. அவளைக் கொன்றது நான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவர்கள் இரண்டு பேரும் என் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

ஒரே ஒரு விஷயம் பாக்கி. சுண்டு இப்போது சம்பந்தியம்மாவிடம் இருக்கிறாள். அவள் அம்மா போன அன்றைக்குச் சாயங்காலம் என் மடியில் வந்து உட்கார்ந்தாள். ஆள்காட்டி விரலில் நகம் கன்றிப்போயிருந்தது.

"நான் அமுக்கிட்டே இருந்தேன் தாத்தா. திறக்கவே இல்ல. நான் சரியா அமுக்கலையா?"

"கொஞ்சம் பலமா அமுக்கியிருக்கணும் கண்ணு" என்று சொல்லிவிட்டேன். அவள் சரி என்று தலையாட்டினாள்.

நீங்கள் அவளை விசாரிக்கப் போவதாகச் சொன்னார்கள். போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பொத்தானைப் பற்றி மட்டும் அவளிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள் மேடம். சின்னக் குழந்தை, தாத்தா என்றால் அவளுக்கு உயிர். உண்மை தெரிந்தால் தாங்க மாட்டாள்.