ஜெரோம் அண்ணன் படுத்த இடம்

மேடையில் இருக்கும் சங்கத் தலைவர் சத்யநாராயணன் சார் அவர்களுக்கும், நிர்வாகிகளுக்கும், முகூர்த்த நாளிலும் ஆர்டரை வேறு கைக்கு மாற்றிவிட்டு இந்த மண்டபத்துக்கு வந்திருக்கும் தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை புகைப்படக் கலைஞர்களுக்கும், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஜெரோம் அண்ணனின் மனைவி ஹெப்சி அக்காவுக்கும் என் வணக்கம்.

நான் தையல்நாயகி. ஜெரோம் அண்ணன் வேலை பார்த்த குரோம்பேட்டை ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைன் செய்கிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். மேடையில் பேசிப் பழக்கமில்லை. “தையலு வாயத் தொறந்தா சிஸ்டம் ஹேங் ஆயிடும்” என்று அண்ணனே கிண்டல் செய்வார். அதனால் எழுதி வந்து படிக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் சங்கத்தின் இணைச் செயலாளர், கலைஞர் ஜெரோம் அவர்கள் இன்று நம்மிடையே இல்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. அது போகிற வயதா? ஹெப்சி அக்காவிடம் நாம் என்ன ஆறுதல் சொல்வது?

புயல் மழையில் முடிச்சூர் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்த வருஷம் உங்களுக்கு நினைவிருக்கும். நான் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். நனைந்து ஒட்டிப்போன கல்யாண ஆல்பங்களைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் ஸ்டுடியோ வாசலில் நின்றார்கள். “புடவை, பீரோ எல்லாம் போச்சு தம்பி. இத மட்டும் பிரிச்சுக் குடு” என்று ஓர் அம்மா அழுதார். அண்ணன் ஒவ்வொரு படத்தையும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து உரித்தார். ஸ்டுடியோவுக்குள் குறுக்கே கொடி கட்டி, துணி கிளிப் போட்டுக் காயவைத்தார். அவர் எடுத்த கல்யாணங்கள் அல்ல அவை. யார் எடுத்தது என்று அவர் கேட்கவே இல்லை. அப்படிப்பட்டவர் நம் ஜெரோம் அண்ணன்.

இந்த மண்டபச் சுவரில் மாட்டியிருக்கும் படங்களும் அவர் எடுத்தவைதான். கல்யாண வேலை இல்லாத காலைகளில் காட்டோரம் போய் எடுத்தவை. சட்டைப் பட்டனைவிடச் சிறிய நீலப் பூ, அது விஷ்ணுகிரந்தி. ஒரே இதழோடு ரோஜா நிறத்தில் இருப்பது ஓரிதழ் தாமரை. நடுவில் பெரிதாக, இலையெல்லாம் துளித்துளியாக மின்னுவது அழுகண்ணிச் செடி. படத்தில் தட்டு அளவு தெரிகிறது. நேரில் ஒரு ரூபாய் நாணயம் அளவுதான். செந்நிறத்தில் தரையோடு ஒட்டிக் கிடக்கும். மழைக்குப் பிறகு கொஞ்ச நாள்தான் இருக்கும்.

அந்தப் படத்தை அவர் முதன்முதலில் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டு வந்தபோது தலைவர் சார் கேட்டார்: “இன்னாடா ஜெரோமு, ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி அடிச்சு செட்டப்பா?”

“தண்ணி இல்ல சார், பசை. செடியே கசியுது. பூச்சி வந்து உக்காந்தா அவ்ளோதான், விடாது.”

“அப்ப பொண்ணு வூட்டு மாமா மாதிரின்னு சொல்லு. கையப் புடிச்சா சாப்புடாம விடமாட்டாரு.”

அன்றைக்கு எல்லாரையும்விட அதிகம் சிரித்தது அண்ணன்தான்.

அண்ணனுக்குச் சங்கம் செய்ய நினைத்திருக்கும் மரியாதையைத் தலைவர் சற்று முன் அறிவித்தார். வருகிற ஞாயிறு இரண்டு வேன்களில் உறுப்பினர்கள் எல்லாரும் அண்ணன் இந்தப் படங்களை எடுத்த இடத்துக்குப் போய், ஆளுக்கு ஒரு அழுகண்ணி படம் எடுத்து, முப்பதாம் நாள் திருப்பலியின்போது காட்சிக்கு வைப்பது என்று முடிவு. இடம் தெரிந்தவர்கள் ஹெப்சி அக்காவும் நானும்தான். அக்கா பேசுகிற நிலையில் இல்லை. அதனால் தலைவர் நேற்றே என்னிடம், “நீ ஒண்ணும் பேச வேணாம்மா. இடத்த மட்டும் சொல்லிட்டு உக்காந்துடு” என்றார்.

அந்த இடத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

போன மழைக்காலத்தில் அக்காவோடு நானும் போனேன். காட்டு வேலிக்கு வெளியே, ஈர மணல். அண்ணன் செருப்பைக் கழற்றச் சொன்னார். “கோயிலா அண்ணா?” என்றேன். “சேச்சே, உன் ஹீல்ஸ் ஓட்ட போட்டுடும்” என்றார். எங்களை ஒரு பாறைமேல் நிறுத்திவிட்டு, கல் கல்லாகக் கால் வைத்துப் போய்க் குப்புறப் படுத்தார். அவர் படுத்த இடத்தில் மட்டும் எதுவும் முளைக்கவில்லை. ஓர் ஆள் நீளத்துக்கு மண் வெறுமையாக இருந்தது. முழங்கை ஊன்றும் இடத்தில் இரண்டு குழிகள். ஒவ்வொரு முறையும் அங்கேயே படுத்திருக்கிறார்.

“வேற பக்கம் படுத்தா நல்ல ஆங்கிள் கெடைக்காதா?” என்று கேட்டேன்.

“படுத்தா பத்து செடி சாவுது தையலு. அதான், ஏற்கெனவே செத்த எடத்துலயே படுத்துக்குறேன்” என்றார்.

எனக்கு முன்னால் பேசியவர்கள், காடு காடாக அலைந்து எடுத்த படங்கள் என்றார்கள். அலையவில்லை. இந்தச் சுவரில் இருக்கும் எல்லாப் படங்களும் அந்த ஓர் இடத்தில் படுத்தபடி, லென்ஸுக்கு எட்டிய செடிகளை எடுத்தவை. எட்டாத பூவை அவர் எடுக்கவே இல்லை. அந்த மணல் திட்டு மொத்தமும் இந்த மேடை அளவுதான்.

அங்கே நாம் எல்லாரும் போனால் என்ன ஆகும்? நாம் கெட்டவர்களா? இல்லை. அவர்மேல் அன்பு இல்லாதவர்களா? இல்லை. ஆனால் நாம் படம் எடுப்பவர்கள். நல்ல ஆங்கிள் தேடுவோம். குறுக்கே நிற்கும் புல்லைக் கிள்ளுவோம். இன்னும் ஓர் அடி பின்னால் போவோம். வ்யூஃபைண்டரில் கண் இருக்கும்போது நம் காலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யார் பார்க்கிறோம்? அன்று மாலைக்குள் அங்கே ஓர் அழுகண்ணிகூட மிஞ்சாது.

நேற்று ஹெப்சி அக்காவிடம், எல்லாரையும் அங்கே கூட்டிப் போகலாமா என்று கேட்டேன். “எனக்கே ரெண்டு தடவதான் காட்டினாரு தையலு. மூணாவது தடவ நானும் வரேன்னேன். ‘நீ வந்தா எங்க நிப்ப?’ன்னு வுட்டுட்டுப் போயிட்டாரு” என்றார். சொல்லும்போது கொஞ்சம் சிரித்தார். இறப்புக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

தலைவர் சார், இடத்தை நான் சொல்லப் போவதில்லை. நன்மங்கலம் காடா, வண்டலூர் காடா என்று கேட்டாலும் சொல்ல மாட்டேன். இங்கே இருக்கும் பலருடைய ஆல்பம் என் கைக்குத்தான் வருகிறது. கோபத்தில் வேறு கடைக்குக் கொடுத்தாலும் அது உங்கள் விருப்பம்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமையை வீணாக்க வேண்டாம். உங்கள் தெரு காம்பவுண்டு ஓரத்தில், ஏரிக்கரையில், எதுவும் முளைக்காத ஓர் ஆள் நீளத்து இடம் இருக்கும். அங்கே படுங்கள். எட்டுகிற செடியை எடுங்கள். எல்லாப் படத்தையும் நான் பிரிண்டுக்குத் தயார் செய்து தருகிறேன்.

அண்ணன் படுத்த இடத்துக்கு நானும் போக மாட்டேன். அக்காவும் போவதில்லை என்று சொல்லிவிட்டார். இந்த மழையில் அந்த வெறும் மண்ணில் புல் வரட்டும், செருப்படைச் செடி வரட்டும், அழுகண்ணி வரட்டும். முழங்கைக் குழிகள் தூர்ந்து போகட்டும். அங்கே ஒருவர் படுத்திருந்தார் என்பதே தெரியாமல் அந்த மண் மூடிக்கொள்ளட்டும். அதுவரை இந்த வாய் திறக்காது.

ஜெரோம் அண்ணனுக்கு என் அஞ்சலி.