மூண்டடிப் பாத்தி

ஓம் தம்பி, மூண்டடிதான். திருப்பி அளக்கிறதெண்டா அளங்க, நாடா உங்கட நாடா. ஆனா குறையாது. நானும் ரெண்டு மாசமா அளந்து அளந்துதான் கட்டின.

ஓம், உங்கட புத்தகத்தில பாத்தி ஒரு சாண் உசரமெண்டுதான் போட்டிரிக்கு. உங்கட ஆபிசில விதை தரக்குள்ள அதையும் சேத்துத்தான் தந்தாங்க. படமெல்லாம் நல்ல வடிவு. தொப்பி போட்ட ஒரு மனிசன் சிரிச்சுக்கொண்டு முட்டைக்கோவா புடுங்குறாரு. அந்தாளுக்குப் பின்னால ஆறும் இல்ல, ஆமிக் காம்ப்பும் இல்ல. இரிந்திருந்தா சிரிப்பாரோ என்னமோ.

பேரா? வல்லிபுரம். வயசு அம்பத்தெட்டு. தொழில் வேளாண்மை எண்டு போடுங்க. வயல் ஊருக்கு அங்கால வட்டைவெளிக்குள்ள கிடக்கு. நான் இப்ப அந்தப் பக்கம் போறதில்ல. எண்டாலும் வேளாண்மை எண்டே போடுங்க, வேற என்னத்தப் போட.

என்னத்துக்கு இவ்வளவு உசரமெண்டு காரணம் எழுதணுமா. சரி, உப்பெண்டு எழுதுங்க. மாரியில ஆத்து வெள்ளம் இந்த வளவுக்குள்ள வந்து குசினி வாசல் மட்டும் நிக்கும். கோடையில பாத்தா நிலத்துக்குக் கீழால உப்பு ஏறி, நட்டதெல்லாம் மஞ்சளாகிச் சாகும். அதுக்குத்தான் மேல எழுப்பின.

என்ன, அதுக்கு ஒரு அடியே காணுமா? படிச்ச ஆள்தான் நீங்க, புடிச்சிட்டீங்க. அப்ப ஆடெண்டு எழுதுங்க. பக்கத்து வளவுக் கந்தப்போடியார்ட ஆடு. அவருக்கு வேலி கட்டப் பஞ்சி, சோம்பேறி மனிசன், அதால ஊரிலயிரிக்கிற மரக்கறியெல்லாம் அவர்ட ஆட்டுக்குச் சொந்தம். மூண்டடி எழுப்பினா ஆடு என்ன செய்யுமெண்டு பாத்தன். முன்னங்கால் ரெண்டையும் பாத்தியச் சுத்தி அடுக்கின மரக்குத்தியில தூக்கி வெச்சு, கடையில சாமான் வாங்குற ஆள் மாதிரி நிண்டு தின்னுது. முந்திக் குனிஞ்சு திண்ட ஆடு, இப்ப நிமிந்து தின்னுது. நம்மட செலவில அதுக்கு ஒரு மேசை. அதையும் வெட்டி விடுங்க, ஆடு காரணமில்ல.

குத்தி அடுக்கக்குள்ள நடந்ததக் கேளுங்க. இந்த வளவில காய்க்காத தென்னை ரெண்டு நிண்டது. ரெண்டையும் தறிச்சு, துண்டு துண்டா அறுத்து, நாலு பக்கமும் அடுக்கிக்கொண்டு போறன். இடுப்புக்கு வரக்குள்ள காம்ப்பில இரிந்து ஏழு பேர் வந்திட்டானுகள். தென்னங்குத்தி அடுக்கினா இந்தக் காலத்தில அது பங்கர்தானே. அவனுகளும் அதுக்குத்தான் ஊர்த் தென்னையெல்லாம் தறிச்சது. அதில பெரியவனுக்குக் கொஞ்சம் தமிழ் வரும். யாருக்கு பங்கர் எண்டான். கத்தரிக்கு சேர் எண்டன். கத்தரி யாரு, எந்த ஊர் எண்டான். இயக்கத்துப் பேரெண்டு நினைச்சிட்டான். நான் ஓடிப்போய் ஒரு கத்தரிக் கண்டத் தூக்கிக்கொண்டு வந்து, இவர்தான் சேர் எண்டு காட்டினன்.

பங்கரெண்டாக் கிடங்கு வெட்டணும், இது மேல வருது, மண்ணுக்கு மேல பங்கர் கட்ட நான் விசரனா எண்டு கேக்க வாய் வந்தது. கேக்கல்ல. இரும்பு அலவாங்கால பதினாறு இடத்தில குத்திப் பாத்தானுகள். உள்ளுக்குச் சாணிதான். குத்தினவன் மணந்து பாத்திட்டு என்னைப் பாத்த பார்வையிருக்கே, நான் வேணுமெண்டு ஒளிச்சு வெச்ச மாதிரி.

மறுகா ஒரு சட்டம் சொன்னானுகள். ஆத்துப்பக்கம் சென்ட்ரிக்குத் தெரியணுமாம், இடுப்புக்கு மேல ஒரு மரமும் வளரப்படாதாம். ஆர்ட இடுப்பு சேர் எண்டன். சென்ட்ரியில நிக்கிறவன் கட்டையன். அதுக்குப் பெரியவன் முறைச்சான். நிலத்தில இரிந்து அளக்கிறதா, பாத்தியில இரிந்து அளக்கிறதா எண்டு கேட்டன். வோக்கி டோக்கியில ஆரையோ கேட்டான், அவர் இன்னொராளக் கேட்டாரு. ஒரு மணித்தியாலம் கத்தரிக் கண்டுக்காக மாநாடு நடந்தது. கடைசியில பாத்தியில இரிந்து அளக்கலாமெண்டு உத்தரவு வந்தது. இத்தனை வருசச் சண்டையில நான் வெண்ட ஒரே இடம் அதுதான் தம்பி. பயித்தங்காய்க்கு மட்டும் பந்தல் போட விடல்ல. அது பாவம், நிலத்தில ஊருது.

மண்ணா? மண் குளத்து வண்டல், புத்து மண், மாட்டெரு, தேங்காத் தும்பு. வண்டில் கந்தப்போடியார்ட. மாடு? மாட்ட அவர் தரல்ல, நான்தான் மாடு. ரெண்டு மாசம் இழுத்தன். போறவாற ஆக்களெல்லாம் நிண்டு பாத்தாங்க. கந்தப்போடியார் வேலியில கையப் போட்டுக்கொண்டு, என்ன வல்லிபுரம், உனக்குச் சமாதி நீயே கட்டுறயா எண்டு கேட்டாரு. ஓம் போடியார், ஆறடி நீளம் உனக்கும் காணும், நீ முந்திறதெண்டா முந்து எண்டன். நாலு நாள் கதைக்கல்ல. அந்த நாலு நாளும் ஆடு மட்டும் வந்தது.

அப்ப உண்மையில என்னத்துக்கெண்டு கேக்கிறீங்க. எழுதுங்க, கிழவனுக்கு முதுகு நோவெண்டு. உங்கட ஆபிசில ஆரும் வந்து என்ட முதுகப் பாக்கப் போறாங்களா.

படமா? ஆர, என்னையா? ஓ, இது பொம்பிளையளுக்கு வந்த திட்டமோ. அப்ப ஊட்டுக்காரிதான் நிக்கணும். பேர் சீதேவிப்பிள்ளை, அத எழுதுங்க. கையொப்பமும் உள்ள கொண்டுபோய் வாங்கித்தாறன். பாத்திக்குப் பக்கத்தில நிண்டு படம் எடுக்கிறதுதான் கரைச்சல். அவக்கு நிக்கேலா தம்பி.

இல்ல, காய்ச்சல் இல்ல. கால் இல்ல.

வலது கால் தொடையோட. இடது கால் முழங்காலுக்குக் கீழ. போன வருசம் நெல்லு வெட்டுக்கு முந்தி, எங்கட வயல் வரம்பில, மிதிவெடி. ஆர் தாட்டதெண்டு ஆருக்குத் தெரியும். அவனுகளக் கேட்டா இவனுகளெண்டான், இவனுகளக் கேட்டா அவனுகளெண்டான். மிதிவெடிக்கு ரேசன் கார்டில பேர் போடுறதில்லயே.

என்ன அப்பிடிப் பாக்கிறீங்க, இரிங்க. முந்தி இந்த வளவில தோட்டமெல்லாம் அவதான். விடிஞ்சாக் கத்தியோட குந்திடுவா, நான் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டாலும் எழும்பமாட்டா. எனக்கு நெல்லத் தவிர ஒண்டும் தெரியா. ஆசுபத்திரியால வந்த பிறகு சுவரப் பாத்துக்கொண்டு படுத்தவதான். சில்லுக்கதிரை ஒண்டு தந்து விட்டாங்க. அதில ஒரு நாளும் ஏறல்ல. நான் அதில சாறன் காயப்போட்டன். என்னோட ஒரு வார்த்தை பேசல்ல, ஏழு மாசம். ஏசக்கூட இல்ல.

அப்ப உங்கட ஆக்கள் விதை குடுத்தாங்க, புத்தகமும் குடுத்தாங்க. ஒரு சாண் பாத்தி. அதுக்குக் குந்தணும், இல்லாட்டிக் குனியணும். கதிரையில இரிந்தா எந்தளவுக்குக் கை போகுமெண்டு நானே ஏறி இரிந்து பாத்தன். கைப்பிடிக்கு மேல கொஞ்சம், மூண்டடி. அகலம் ஒரு கை எட்டுற அளவு. அவக்கிட்டச் சொல்லல்ல. கட்டி முடிச்சு, கத்தரி, கொச்சி மிளகாய்க் கண்டெல்லாம் நானே நட்டன்.

அடுத்தநாள் காலமை பின்வாசலில ஒரு சத்தம். கைய ஊண்டி நிலத்தால அரைஞ்சு அரைஞ்சு வாசல் மட்டும் வந்திட்டா. எந்த விசரன் கொச்சிக்காய நெல்லு விதைச்ச மாதிரி நட்டது எண்டு கேட்டா. ஏழு மாசத்துக்குப் பிறகு அவட வாயால வந்த முதல் கதை அதுதான். நான்தான் எண்டன். தெரியும் எண்டா. கதிரையில கிடந்த சாறன எடுத்துப்போட்டுத் தூக்கி இரித்தினன். வாசலில இரிந்து பாத்தி மட்டும் பலகை போட்டன். அண்டைக்கு இரிந்து எனக்கு ஒரே ஏச்சு.

வயலுக்கு என்னத்துக்கு வந்தவ எண்டு நீங்க கேக்கல்ல. எல்லாரும் கேக்கிற கேள்வி. ஊருக்குக் கீரை புடுங்க வந்தவ எண்டு சொல்லியிரிக்கன். அது பொய். அண்டைக்குக் காலமை மீன்கறியில புளி கூடிப்போச்செண்டு கத்திப்போட்டு, சோத்தக் கோப்பையோட தள்ளிப்போட்டுப் போனன் நான். அவ திருப்பிக் கறி ஆக்கி, மத்தியானம் வயலுக்குக் கொண்டு வந்திரிக்கா.

இத உங்கட போம் கடதாசியில எழுதாதீங்க. ஒருநாளாவது அவ இதச் சொல்லிக் காட்டினா எனக்கு லேசு. கொச்சிக்காய் நட்டதுக்கு ஏசுறா, தண்ணி ஊத்துறதுக்கு ஏசுறா, ஆட்டுக்கு ஏசுறா, இதுக்கு மட்டும் இன்னும் ஏசல்ல.

சரி தம்பி, இனி வெளிக்கிடுங்க. கோவிக்காதீங்க, வெயில் ஏறுது. வெளியாள் நிண்டா அவ வெளிய வரமாட்டா, கண்டெல்லாம் வாடிப்போகும். போமத் தாங்க, நாளைக்கு ஒப்பத்தோட ஆபிசில கொண்டு வந்து தாறன். படத்துக்குக் கத்தரிய எடுங்க. ஒழுங்கை ரோட்டில ஏறின உடன சைக்கிள் மணிய ஒருக்கா அடிங்க. ஆள் போயிட்டெண்டு அவக்கு விளங்கும்.