ஒண்ணும் எழுதாம அனுப்புங்க

எனக்கு இத மொத மொதல்ல சொன்னது எங்க சின்னவதான் தம்பி. போன மழைக்காலத்துல, ஈரத் துணியெல்லாம் வீட்டுக்குள்ளயே கொடி கட்டிக் காயப் போட்டுட்டு இருந்தோம், அப்போ. அம்மா, உங்க சங்கத்துக்கு மெயில் அனுப்பறதும் கெணத்துல கல்லப் போடறதும் ஒண்ணுதான், கெணத்துலயாவது தொபுக்குன்னு ஒரு சத்தம் வரும்னா. எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. ஐயோ இருங்க, அந்த ஸ்டூல் வேணாம், அதுக்கு ஒரு கால் நொண்டி. இதுல ஏறுங்க. நான் புடிச்சுக்கறேன். பயப்படாதீங்க, பாக்கத்தான் ஒல்லியா இருக்கேன்.

ஆமா, அந்தச் சுவர் ஃபேன்தான். நேத்து சாயந்திரத்துலேருந்து டக்கு டக்குன்னு ஒரே ரகளை. காரணம் என்னவோ, அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம். நீங்க மெதுவாப் பாருங்க, அவசரமே இல்ல.

என்ன சங்கமா? கீழ படிக்கட்டுல போர்டு இருக்கே, பாக்கலையா? பாக்கலையா. சரி சரி. படி ஏறும்போது யாரு போர்டப் பாக்கறா, எல்லாரும் காலத்தான் பாப்பாங்க.

வீட்ல படுத்த படுக்கையா ஒருத்தர வச்சுக்கிட்டுப் பாத்துக்கறாங்க பாருங்க, அவங்களுக்கான சங்கம். நோயாளிக்கு இல்ல தம்பி, பாத்துக்கறவங்களுக்கு. படுத்திருக்கறவருக்குப் பழம் வாங்கிட்டு வருவாங்க, போர்வை வாங்கிட்டு வருவாங்க. பக்கத்துல நிக்கறவ சாப்டாளா தூங்கினாளான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. எங்க வீட்டுக்காரரு ஆறு வருஷம் படுக்கைல இருந்தாரு. ஒரு நாள் மருந்துக் கடைல நின்னுக்கிட்டே தூங்கிட்டேன். கடைக்காரர்தான் இந்த இடத்தச் சொல்லி அனுப்புனாரு. இப்போ அவரு இல்ல, போய்ச் சேந்துட்டாரு. ஆனா புதன்கிழமைய மட்டும் என்னால விட முடியல. டீ போடறது நான்தான்.

இன்னிக்கு புதன்கிழமையா? ஆமா இல்ல! பாருங்க, எப்படி அமையுது.

இங்க ஒரே ஒரு சட்டம்தான் தம்பி. புதுசா வந்தவங்கள யாரும் ஒரு கேள்வி கேக்கக் கூடாது. என்ன நோவு, எத்தன நாளா, கூடப் பொறந்தவங்க உதவறாங்களா, ஒண்ணும் கூடாது. பேரு கூடக் கேக்க மாட்டோம். கையில ஒரு டீயும், செய்யறதுக்கு ஒரு சின்ன வேலையும் குடுத்துட்டு விட்டுருவோம். அவங்களாப் பேசினா கேட்டுக்குவோம், பேசலன்னா அவங்க இஷ்டம். எங்க டெய்லரக்கா இருக்கா, அவ வந்த புதுசுல வாயே திறக்கல. ஜன்னலுக்குத் திரை தைக்கறீங்களான்னேன். வாரா வாரம் வந்து அந்த மூலைல உக்காந்து தச்சுக்கிட்டே இருந்தா. அந்தத் திரை, இந்தத் திரை, எல்லாம் அவ பேசாம இருந்த காலத்துல தச்சது. ஒரு நாள் திடீர்னு அவ மாமியாரப் பத்தி ஆரம்பிச்சா பாருங்க, மடை திறந்த மாதிரி! அன்னியோட தையல் நின்னு போச்சு. அதனாலதான் ரோட்டுப் பக்கத்து ஜன்னல் மட்டும் இன்னும் மொட்டையா நிக்குது. நாங்களும் தச்சு முடின்னு சொல்றதில்ல, அவ மறுபடி ஊமையாயிட்டான்னா?

ஸ்க்ரூ டிரைவர் கீழ விழுந்துச்சா? இந்தாங்க.

நேர்ல வந்தா இப்படி. மெயில்ல வந்தா? அதுக்குத்தான் எங்க செக்ரட்டரி இருக்காரே. இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல பெரிய பொறுப்புல இருந்து ரிடையரானவரு. நாங்க வச்ச பேரு பூட்டு. அவருக்கும் தெரியும், கோவிச்சுக்க மாட்டாரு. நல்ல மனுஷன் தம்பி, அவரு சம்சாரத்தக் கொழந்த மாதிரி பாத்துக்கறாரு. ஆனா எதையும் ஒழுங்கு முறையாத்தான் செய்வாரு. மெயில் பெட்டியோட பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும். அதையும் மாசக் கூட்டத்துலதான் திறப்பாரு. மெயிலப் பிரிக்கலாமான்னு ஒருத்தர் முன்மொழியணும், ஒருத்தர் வழிமொழியணும். சிரிக்காதீங்க, ஸ்டூல் ஆடுது. அப்புறம் அந்த மெயில் விலாசம்! சங்கத்தோட முழுப் பேரும், தெருப் பேரும், ஆரம்பிச்ச வருஷமும் ரயிலு மாதிரி நீளமா. அடிச்சு முடிக்கறதுக்குள்ள படுக்கைல இருக்கறவரு எந்திரிச்சு நடந்துருவாரு.

அதையும் தாண்டி யாராவது எழுதினா, உடனே தானா ஒரு பதில் போகும். என்னன்னு? நோயாளியின் வயது, நோயின் தன்மை, உங்களுக்கு என்ன உறவு, எத்தனை வருஷமா, இப்படி கேள்வி மேல கேள்வி. நேர்ல எத எதக் கேக்கக் கூடாதுன்னு வச்சிருக்கோமோ, அத்தனையையும் மெயில்ல வரிசையாக் கேட்டு வச்சிருக்கோம்! நாங்க யாரும் அதக் கவனிக்கவே இல்ல தம்பி. இங்க வாய மூடிக்கிட்டு டீ குடுத்துக்கிட்டு, அங்க வாசல்லயே நிக்க வச்சு விசாரிச்சுக்கிட்டு இருந்திருக்கோம். எங்க சின்னவ யாரோ மாதிரி ஒரு மெயில் போட்டுப் பாத்துத்தான் இதக் கண்டுபிடிச்சா. குறும்புல என்னைய மாதிரியே.

நான் வந்து செக்ரட்டரிகிட்ட சொன்னேன். அவரு கேக்கல. முன்கூட்டியே விவரம் தெரியாம எப்படிம்மான்னாரு. சரின்னு விட்டுட்டேன். நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ, அவருகிட்ட என்னத்த வாதாடறது. பிரார்த்தனை மட்டும் பண்ணேன். கடவுளே, இந்தப் பூட்டுக்கு ஒரு சாவிய அனுப்புன்னு.

வந்துச்சு. ஆனா நான் கேட்ட மாதிரி வரல.

அடுத்த மாசக் கூட்டத்துல பெட்டியத் திறந்தாரு. ஒரு அம்மா எழுதியிருந்தாங்க. உங்க எடம் எங்க இருக்கு, எப்ப வரலாம்னு ரெண்டே வரி. நம்ம கேள்வியெல்லாம் போயிருக்கு. அதுக்குக் கொஞ்ச நாள் கழிச்சு அவங்க ஒரு பதில் போட்டிருந்தாங்க. அவர் போய்விட்டார், இனி தேவையில்லை, நன்றின்னு.

செக்ரட்டரி அத சத்தமாப் படிச்சாரு. எல்லா மெயிலையும் படிக்கற மாதிரியே ஆரம்பிச்சாரு. நன்றிங்கற எடம் வந்ததும் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு, மாட்டினாரு, மறுபடி கழட்டினாரு. அப்புறம் சங்கத்துப் போன எடுத்து என் கைல வச்சு, பாஸ்வேர்ட ஒரு துண்டுல எழுதிக் குடுத்து, நீங்களே பாத்துக்கோங்கம்மான்னாரு. யாரும் முன்மொழியல, வழிமொழியல.

அன்னிக்கே எங்க சின்னவ எல்லாத்தையும் மாத்திட்டா. கொழந்த கூட அடிக்கற மாதிரி ஒரு குட்டி விலாசம். கேள்வியெல்லாம் தூக்கியாச்சு. தானாப் போற பதில நான்தான் சொன்னேன், அவ அடிச்சா. வாங்க. புதன்கிழமை சாயந்திரம். சைக்கிள் கடைக்கு மேல மாடி. டீ இருக்கும். எதுவும் சொல்ல வேண்டாம். அவ்ளோதான். மருந்துக் கடை, ஆஸ்பத்திரி லிஃப்டு பக்கம், துணி தேய்க்கற கடை, எல்லா எடத்துலயும் ஒரு சீட்டு ஒட்டினோம். அதுல அடியில ஒரு வரி சேத்தேன். என்ன எழுதறதுன்னு தெரியலன்னா ஒண்ணும் எழுதாம அனுப்புங்க, நாங்க புரிஞ்சுக்குவோம்னு. காலி மெயிலாம்மா, அத வச்சு என்ன பண்ணுவீங்கன்னு செக்ரட்டரி கேட்டாரு. டெய்லரக்கா வந்தப்ப அவளும் காலி மெயில்தானேன்னேன்.

மொதல்லல்லாம் ஒவ்வொரு பதிலுக்கும் கண்ண மூடி ஒரு நிமிஷம் பிரார்த்தனை பண்ணிட்டுத்தான் அனுப்பற பட்டன அமுக்குவேன். டெய்லரக்கா கேலி பண்ணுவா, ஏன்க்கா, மெயிலா அனுப்பறீங்க, ராக்கெட்டா விடறீங்கன்னு. ஒருத்தரு வீல்சேர் வாடகைக்குக் கிடைக்குமான்னு கேட்டாரு. ஒருத்தரு சமையலுக்கு ஆள் வேணுமான்னாரு. ஆனா நெஜமாவும் வந்தாங்க தம்பி. இப்போ நாற்காலி பத்தல.

என்னது, கம்பி வலைக்குள்ள ஏதோ மாட்டியிருக்கா? ஹேர்பின்னா! அடடா. அது எப்படி அங்க போச்சு? எலி எதுவும் கொண்டு போயிருக்குமோ? இருக்கட்டும் இருக்கட்டும், மெதுவா எடுங்க.

ஒரே ஒரு விஷயத்துல மட்டும் செக்ரட்டரி பழைய வழக்கத்த விடல. பெட்டிய சுத்தம் பண்றேன்னு நான் டீ போடற நேரத்துல போன வாங்கி விளம்பரத்த எல்லாம் குப்பைல தள்ளுவாரு. அப்படித் தள்ளும்போது ஒரு நாள் சலிச்சுக்கிட்டாரு. எவனோ ஒருத்தன்மா, விடாக்கண்டன், ஒவ்வொரு புதன்கிழமையும் அவன் கடை விளம்பரத்த அனுப்பிக்கிட்டே இருக்கான்னாரு. எனக்கு விளம்பரம் பாக்கறது பிடிக்கும். அந்தக் குப்பைய எடுத்துக் காட்டச் சொன்னேன்.

பாத்தா, மேல ஒண்ணுமே இல்ல தம்பி. ஒரு எழுத்து இல்ல. வெள்ளையா வெறும் எடம். அடியில மட்டும் அந்தக் கடைலேருந்து எந்த மெயில் போனாலும் தானா ஒட்டிக்கற மாதிரி நாலு வரி. விளம்பரம் பண்றவன் மேல ஏதாவது எழுதுவான் இல்லையா? தள்ளுபடின்னாவது போடுவான். அதுவும் ஒவ்வொரு புதன்கிழமையும், நாங்க இங்க வந்து உக்காரற நேரத்துக்கு எதுக்கு அனுப்பணும்?

நாங்க கேட்ட மாதிரியே ஒருத்தரு ஒண்ணும் எழுதாம அனுப்பியிருக்காரு. நாங்க வாரா வாரம் அவரத் தூக்கிக் குப்பைல போட்டிருக்கோம். செக்ரட்டரி மொகத்தப் பாக்கணுமே, அப்படியே உக்காந்துட்டாரு. அந்த அம்மா மாதிரி இவரும் கைவிட்டுப் போயிடக் கூடாதும்மான்னு அத மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாரு.

வாங்கன்னு ஒரு பதில் போட்டேன். அதுக்கு பதில் இல்ல. ஆனா அடுத்த புதன்கிழமை டெய்லரக்கா அந்த மொட்ட ஜன்னல் கிட்ட நின்னு டீ குடிச்சுக்கிட்டு இருந்தவ, அக்கா இங்க வாங்கன்னா. ரோட்டுக்கு எதிர்ப் பக்கத்துல ஒருத்தரு தோள்ல பை மாட்டிக்கிட்டு இந்த மாடியவே பாத்துக்கிட்டு நிக்கறாரு. போன எடுத்து ஒரு அமுக்கு அமுக்கினாரு. என் கைல இருந்த போன் டிங்குன்னுச்சு. நான் படி இறங்கறதுக்குள்ள ஆளக் காணோம். முட்டி வலி தம்பி, இல்லன்னா புடிச்சிருப்பேன்.

ரோட்டத் தாண்ட மனசு வரல, பாவம். நாங்க என்ன பண்றது? கூப்பிட்டா வரமாட்டாரு. வேலைக்குக் கூப்பிட்டா?

அந்த நாலு வரில கடைப் பேரும் போன் நம்பரும் இருந்துச்சு. ஃபேன், மிக்சி, அயர்ன் பாக்ஸ் வீட்டுக்கே வந்து சரி செய்து தரப்படும்னு.

இறங்கிடாதீங்க, இறங்கிடாதீங்க. ஸ்டூல நான்தான் புடிச்சிருக்கேன்.

ஃபேனுக்கு ஒரு கோளாறும் இல்ல தம்பி. ஹேர்பின் என்னோடது. ஆனா சொருகினது நான் இல்ல, எனக்குத்தான் ஸ்டூல் ஏற முடியாதே. செக்ரட்டரிதான். ஒழுங்கு, முறைன்னு பேசற மனுஷன் செருப்பக் கழட்டிட்டு ஏறி, கம்பி வலைக்குள்ள ஹேர்பின்ன விட்டு, போட்டுப் பாத்துட்டு, சத்தம் போதுமாம்மான்னு கேட்டாரு. நேத்துதான். நம்ப மாட்டீங்க, அந்த மனுஷன் சிரிச்சு அப்பத்தான் பாத்தேன். கடவுள்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டுத்தான் உங்களுக்கு ஃபோன் பண்ணேன். கடவுளும் சிரிச்சிருப்பாருன்னு தோணுது.

உங்க வீட்ல யாரு படுத்திருக்காங்க? ஐயோ, வாய் தவறிடுச்சு. கேக்கல, கேக்கல. சொல்லாதீங்க. இங்க யாரும் கேக்க மாட்டாங்க, நானே சட்டத்த மீறக் கூடாது.

படில சத்தம் கேக்குது பாருங்க, ஒவ்வொருத்தரா வர ஆரம்பிச்சுட்டாங்க. மொதல்ல வரது செக்ரட்டரி, செருப்புச் சத்தத்துலயே தெரியும். உங்களப் பாத்தா ஃபேன் சரியாச்சான்னு மட்டும்தான் கேப்பாரு, ஒத்திகை பாத்து வச்சிருக்காரு. ஆச்சுன்னு சொல்லிடுங்க, பாவம். அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம்.

நான் கெட்டிலத் தூக்கிட்டேன், ரெண்டு கையும் மாட்டிக்கிச்சு. அந்த டம்ளர்த் தட்ட மட்டும் கொஞ்சம் எடுத்துட்டு வரீங்களா தம்பி?