வால்வில் கட்டிய துண்டு

சாயங்காலமானால் வெள்ளானூர் அடுக்குமாடி வீடுகளில் எல்லோரும் ஏசியைப் போட்டுவிடுகிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை, சார். வேலைக்குப் போய் அலுத்து வருகிறவர்கள், குழந்தை குட்டி இருக்கிறவர்கள். அந்த நேரத்து மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்கத்தான் எங்கள் எண்ணெய் மின்நிலையம் இருக்கிறது. ஒரே ஒரு இன்ஜின். மேலிடத்திலிருந்து போன் வந்தால் ஓட்ட வேண்டும், வராவிட்டால் காத்திருக்க வேண்டும்.

காத்திருப்பதுதான் எனக்கு ஆகாது. பொங்கலுக்குப் பிறகு போனே வரவில்லை. அடுத்த தடவை கூப்பிட்டவுடன் இன்ஜின் கிளம்பாவிட்டால் நிலையத்தையே மூடிவிடுவோம் என்று வேறு சொல்லியிருந்தார்கள். உட்கார முடியவில்லை. எண்ணெய்ச் சூட்டைப் பார்ப்பேன், போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பேன், திரும்பவும் எண்ணெயிடம் போவேன்.

"இன்னா சார், பொண்டாட்டிய லேபர் வார்டுல உட்டவன் கணக்கா நடந்துகினே கீறீங்க" என்பான் ஃபிட்டர் கார்த்திகேசன். நல்ல மனுஷன். அவன்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இன்ஜினின் புகைக்குழாய்க்குள் கரி சுரண்டப் போகிறவன், இன்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட் வால்வில் தன் துண்டைக் கட்டிவிட்டுப் போவான். அவனே வெளியே வந்து அவிழ்க்கும்வரை வேறு யாரும் வால்வைத் தொடமாட்டோம்.

அன்று கார்த்திகேசன் குழாய்க்குள் இருந்தபோதுதான் போன் அடித்தது. உடனே ஓட்டச் சொன்னார்கள். சரி என்றேன். குழாய் நீளமானது, தவழ்ந்துதான் வர வேண்டும். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பான், ஆனால் நேரமாகியிருக்கும்.

துண்டை அவிழ்க்க மறந்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பானோ என்றும் தோன்றியது. அதனால் ஸ்பானரால் குழாயில் இரண்டு தட்டு தட்டினேன். உள்ளேயிருந்து இரண்டு தட்டு வந்தது. "இன்னா சார்?" என்று குரலும் வந்தது.

துண்டை அவிழ்த்தேன். குழாயின் மூடியைப் போட்டு நட்டுகளை முறுக்கினேன். மூடாமல் ஓட்டினால் ஷெட் முழுக்கப் புகை வந்துவிடும். முறுக்கும்போதும் தட்டினான். இந்தத் தடவை இரண்டோடு நிறுத்தவில்லை. பிறகு வால்வைத் திறந்தேன். அத்தனை காலம் சும்மா கிடந்த இன்ஜின் ஒரே மூச்சில் கிளம்பியது, சார். அந்தச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெள்ளானூரில் ஒரு விளக்குகூட மங்கவில்லை.

காரியத்தன்று அவன் மனைவி அனுசுயா என்னிடம் கேட்டாள். "துண்டு கட்டாம அவரு உள்ள போவ மாட்டாரே, சார்?"

"மறந்துட்டாரும்மா" என்றேன். துண்டு அப்போது என் பையில்தான் இருந்தது.

பொய் சொன்னது தப்புதான். அந்த ஒன்றுதான் என் மனசை உறுத்துகிறது. துண்டைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், அவளிடம் சேர்த்துவிடுங்கள்.